இரண்டு விரல் இடைவெளி

கணினியில் பொத்தானை அழுத்துவதற்கு முன் விடையைப் பென்சிலால் எழுதி வைத்துவிட வேண்டும். என் அலுவலகத்தில் நான் வைத்திருக்கும் ஒரே சட்டம் இதுதான். அலுவலகம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். நானும் ஒரு மேசையும் இரண்டு திரைகளும் கொதிக்க அடம்பிடிக்கும் ஒரு காபிப் பாத்திரமும், அவ்வளவுதான். ஆனாலும் சட்டம் சட்டம்தான். கட்டடத்தின் எடை எவ்வளவு வரும், எந்தத் தூண் அதிகம் சுமக்கும், நிலம் ஆடினால் கூரை எவ்வளவு நகரும் என்று முதலில் கையால் கணக்குப் போட்டு எழுதுவேன். அப்புறம்தான் கணினியைக் கேட்பேன். இரண்டும் ஒத்துப்போனால் காபி. ஒத்துப்போகாவிட்டால் யாரோ ஒருவர் முட்டாள், பெரும்பாலும் அது நான்தான். கணினி சொன்னதை அப்படியே செய்யும். தப்பாகச் சொல்லிக் கொடுத்தால் அந்தத் தப்பையும் ஒழுங்காகச் செய்து, சிவப்பும் நீலமுமாக வண்ணம் வேறு பூசிக் காட்டும்.

இந்தச் சட்டத்தைப் பந்தயமாக மாற்றியவர் ஹசிந்தோ மேஸ்திரி.

பதினான்கு வருடமாக நான் கணக்குப் போடும் கட்டடங்களில் பாதியை அவர்தான் கட்டுகிறார். அவருடைய மகள் இட்செலுக்கு நான் ஞானத்தாய். ஒரு பிள்ளைக்கு ஞானத்தாயாக நின்றவளை அதன் பிறகு அந்தக் குடும்பம் பெயர் சொல்லிக் கூப்பிடாது, ‘கொமாத்ரே’ என்றுதான் கூப்பிடும். அவர் எனக்குக் ‘கொம்பாத்ரே’. கூடப் பிறந்தவனோடு சண்டை போட்டுக்கொண்டு பத்து வருடம் பேசாமல் இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கொம்பாத்ரேயோடு அப்படி இருந்தால் ஊர் காறித் துப்பும்.

பந்தயம் இதுதான். எந்தக் கட்டடமும் சும்மா நிற்பதில்லை. தெருவில் லாரி போனாலும் காற்றடித்தாலும் கண்ணுக்குத் தெரியாமல் ஆடிக்கொண்டே இருக்கும். ஒருமுறை போய்த் திரும்புவதற்கு அதற்கென்று ஒரு நேரம் உண்டு, விறைப்பான கட்டடத்துக்குக் குறைவு, தளர்வானதற்கு அதிகம். நொடியை நூறாகப் பிரித்து அந்த நேரத்தை எண்ணுவோம். கட்டி முடித்ததும் கூரையில் கருவி வைத்து அளந்து பார்ப்பேன். அளப்பதற்கு முன்பே, என் கணினி சொன்ன எண்ணைச் சிமெண்ட் மூட்டைகளுக்குப் பின்னால் இருக்கும் சுவரில் எழுதிவிடுவேன். ஹசிந்தோ பக்கத்தில் வந்து நின்று, தச்சர் பென்சிலை எச்சில் தொட்டு, என் எண்ணைவிட ஒன்று கூட்டி எழுதுவார். பதினான்கு வருடமும் அதே ஒன்று.

“இதென்ன கொம்பாத்ரே கணக்கு? என் முதுகுல ஏறி உக்காந்துக்கிட்டு ஒண்ணு கூட்டுறீங்க?”

“காகிதத்துல இருக்கிற விறைப்பு கான்கிரீட்டுக்கு வராது கொமாத்ரே. வெயில்ல நின்னு கட்டிப் பாத்தாத் தெரியும்.”

தோற்றவர் எல்லாருக்கும் தமாலே, அதாவது சோள மாவை இலையில் சுற்றி ஆவியில் வேகவைத்த கொழுக்கட்டை, வாங்கித் தர வேண்டும். ஹசிந்தோவின் மனைவி எவ்லாலியா, எங்களுக்கு லாலா, சந்தை முனையில் தமாலே விற்கிறாள். யார் தோற்றாலும் ஜெயிப்பது அவள்தான்.

அந்த வருடம் எங்கள் கையில் இருந்தது எங்கள் நகரத்தின் தெற்கோரம், சோச்சிமில்கோ பகுதியில் ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடம். பழைய கட்டடம் செப்டம்பர் நிலநடுக்கத்தில் படுத்துவிட்டது. நல்லவேளையாகப் பிள்ளைகள் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். அதன் பிறகு நாலு வருடம் தகரக் கொட்டகையில் பாடம். மழை பெய்தால் டீச்சர் சொல்வது காதில் விழாது என்று இட்செல் சொல்லுவாள், அதைச் சந்தோஷமாகத்தான் சொல்லுவாள். புதுக் கட்டடம் இரண்டு மாடி, எட்டு வகுப்பறை. ஆகஸ்ட் கடைசித் திங்கள் திறப்பு. திறக்க வேண்டுமென்றால், கட்டியது கணக்குப் போட்டபடிதான் இருக்கிறது என்று நான் கையெழுத்துப் போட வேண்டும்.

திறப்புக்குப் பதினொரு நாள் முன்பு, ஒரு வியாழக்கிழமை காலை, சோப்புப் பெட்டி அளவில் இருக்கும் இரண்டு கருவிகளைக் கூரையில் வைத்தேன். ஒன்று தெருப் பக்க ஓரத்தில், ஒன்று முற்றத்துப் பக்க ஓரத்தில். அரை மணி நேரம் யாரும் மேலே நடக்கக் கூடாது என்று கத்திவிட்டுக் கீழே வந்தேன்.

கட்டடத்தின் குறுக்குவாட்டில் என் எண் பதின்மூன்று. அளந்தது பதின்மூன்று. பந்தயம் எப்போதும் நீளவாட்டுக்குத்தான். அதில் என் எண் முப்பத்தொன்று, ஹசிந்தோவின் எண் முப்பத்திரண்டு. அளந்தது இருபத்தைந்து.

“அடடா, ரெண்டு பேரும் தோத்துட்டமா!” ஹசிந்தோ தொடையைத் தட்டிச் சிரித்தார். “அப்ப யாரு தமாலே வாங்குறது?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்று இரண்டு பிசகலாம். ஆறு பிசகாது. கட்டடம் நான் நினைத்ததைவிட விறைப்பாக இருக்கிறது, அதுவும் ஒரு திசையில் மட்டும். கேட்பவர்களுக்கு அது நல்ல செய்தியாகத் தெரியும். ஒப்பந்தக்காரர் மொந்தான்யோவுக்கும் அப்படித்தான் தெரிந்தது.

“விறைப்பா இருந்தா நல்லதுதானம்மா?” என்றார் போனில். “கான்கிரீட் நெனச்சதவிட நல்லா வந்திருக்கு, அவ்வளவுதான். உங்க கம்ப்யூட்டர்ல கான்கிரீட்டோட எண்ணைக் கொஞ்சம் ஏத்திவிடுங்க. ரெண்டும் ஒத்துப்போயிரும். கையெழுத்தப் போட்டுட்டு வீட்டுக்குப் போங்க.”

அவர் சொன்ன மாதிரி ஏற்றியும் பார்த்தேன், கோபத்தோடுதான். நீளவாட்டில் இருபத்தைந்து வர வேண்டுமென்றால் கான்கிரீட்டை ஒன்றரை மடங்கு விறைப்பாக்க வேண்டும். அப்படி ஆக்கினால் இதுவரை ஒழுங்காக இருந்த குறுக்குவாட்டு எண் கெட்டுப்போகிறது. போதாக்குறைக்கு, வார்க்கும்போது எடுத்து வைத்த உருளைகளை உடைத்துப் பார்த்த சீட்டும் என்னிடம் இருந்தது. கேட்ட கான்கிரீட்தான் வந்திருந்தது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஒத்துப்போக வைப்பதற்காக ஒரு எண்ணைத் திருகுவது, தராசுத் தட்டில் விரலை வைத்து அழுத்துவது மாதிரி. வெங்காயம் விற்பவன் செய்தால் கத்துவோம்.

நோட்டுப் புத்தகத்தில் ஒரு புதுப் பக்கம் எடுத்தேன். யாரை எல்லாம் சந்தேகப்பட வேண்டும் என்று வரிசையாக எழுதினேன். முதல் வரியில் என் பெயர், ஹெர்லிந்தா. அது எப்போதும் அப்படித்தான். இரண்டாவது மண். மூன்றாவது கான்கிரீட். நாலாவது வரியில் பேனா கொஞ்சம் நின்றது. பிறகு எழுதினேன்: ஹசிந்தோ.

வெள்ளியும் சனியும் என்னையே விசாரித்தேன். கணினியில் இருக்கும் கட்டடம் தரையை எவ்வளவு அழுத்துகிறது என்று கூட்டினேன். எண்ணூற்றுப் பன்னிரண்டு டன். பென்சில் கணக்கில் எண்ணூற்றாறு. சரி. திரையில் ஒட்டியிருப்பது போலத் தெரியும் உத்திரமும் தூணும் உள்ளே உண்மையில் ஒட்டியிருக்கின்றனவா என்று ஒவ்வொரு முனையாகப் பார்த்தேன். ஒட்டியிருந்தன. ஒரே ஒரு தூணை மட்டும் தனியாக எடுத்துக் கையால் கணக்குப் போட்டு ஒப்பிட்டேன். சரி. மைதானத்து மண்ணின் ஆட்டத்தையும் அளந்தேன். எங்கள் ஊர் மண் பழைய ஏரிச் சேறு, அதற்கு எல்லாக் குறும்பும் தெரியும். ஆனால் இந்தக் குறும்பு அதனுடையது இல்லை. என் பெயரை அடித்தேன், மண்ணை அடித்தேன், கான்கிரீட்டை அடித்தேன்.

மிச்சமிருந்தது ஹசிந்தோ.

இந்தக் கட்டடத்தில் ஜன்னல்களுக்குக் கீழே இடுப்பளவுக்குச் செங்கல் சுவர் உண்டு. அந்தச் சுவருக்கும் தூணுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விடச் சொல்லி வரைபடத்தில் சிவப்பில் எழுதியிருந்தேன். இடைவெளியில் மெத்தை நுரையை வைத்து, மேலே ரப்பர் மாதிரியான பசையைப் பூச வேண்டும். அப்போதுதான் நிலம் ஆடும்போது தூண் தன் முழு உயரத்துக்கும் வளைந்து கொடுக்கும். இடைவெளியை அடைத்துவிட்டால் சுவர் தூணை இடுப்போடு பிடித்துக்கொள்ளும். மேலே மிஞ்சியிருக்கும் குட்டித் துண்டு மட்டும் எல்லா ஆட்டத்தையும் வாங்கி வெடிக்கும். பழைய பள்ளிக்கூடம் விழுந்ததே அப்படித்தான். அதனால்தான் விறைப்பு எனக்கு நல்ல செய்தியாகப் படவில்லை.

கணினியில் எல்லா இடைவெளிகளையும் அடைத்துப் பார்த்தேன். இருபது வந்தது. அதிகம். பிறகு கூரையில் வைத்த இரண்டு கருவிகளையும் தனித்தனியாகப் பார்த்தேன், முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். தெருப் பக்க ஓரம் ஆடியதில் பாதிதான் முற்றத்துப் பக்க ஓரம் ஆடியிருந்தது. கட்டடம் ஆடும்போது லேசாகத் திருகுகிறது. அப்படியென்றால் பிடி முற்றத்துப் பக்கம்தான். கீழ்த்தளத்தில், முற்றத்துப் பக்கம் மட்டும் அடைத்து ஓட்டினேன். இருபத்தைந்து. திருகலும் அப்படியே வந்தது.

எண் ஒத்துப்போனால் நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றுவது என் வழக்கம். அன்று சுற்றவில்லை. கீழ்த்தளத்தை முடித்தது ஹசிந்தோ நேரடியாக நின்ற வேலை. இடைவெளியை அடைத்தது அவர்தான் என்று மொந்தான்யோவுக்குத் தெரிந்தால், இனி எந்தப் பள்ளிக்கூடத்து வேலையிலும் அவர் பெயர் இருக்காது.

திங்கட்கிழமை காலை நான் போனபோது ஹசிந்தோ முற்றத்தில் குழாயடியில் இருந்தார். நோட்டைச் சிமெண்ட் மூட்டை மேல் வைத்துவிட்டுத் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு திரும்பினேன். அதற்குள் காற்று பக்கங்களைப் புரட்டியிருந்தது. அவர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாலாவதா என் பேரு இருக்கு” என்றார்.

“கொம்பாத்ரே, அது...”

“மேல இருக்கிறத எல்லாம் அடிச்சாச்சு. என் பேர மட்டும் அடிக்கல.”

விஷயத்தைச் சொன்னேன். கூட்டியும் குறைத்தும் சொல்லாமல், முற்றத்துப் பக்கம், கீழ்த்தளம், இடைவெளி என்று சொன்னேன். அவர் முகம் சிவந்தது.

“நான் விட்டேன்! ஒவ்வொண்ணுலயும் என் ரெண்டு விரல விட்டுப் பாத்து விட்டேன். நுரையும் என் கையாலதான் வச்சேன். பசை வர லேட்டாச்சு, நான் மேல்மாடிக்குப் போயிட்டேன், பெயிண்ட் அடிக்க வந்தவங்க பூசியிருப்பாங்கன்னு விட்டுட்டேன். வாங்க, தட்டிப் பாத்துருவோம். இப்பவே!”

சுத்தியலை எடுத்துக்கொண்டு தெருப் பக்கம் போனார். ஒரு தட்டு. உள்ளிருந்து நுரை எட்டிப் பார்த்தது. என்னைத் திரும்பிப் பார்த்து மீசைக்குள் சிரித்தார். பிறகு முற்றத்துப் பக்கம் வந்து முதல் தூணோரம் தட்டினார். கெட்டியாகச் சத்தம் வந்தது. இன்னொரு தட்டு. வண்ணம் உதிர்ந்தது. உள்ளே நுரை இல்லை, பூச்சுக் கலவை இருந்தது.

“இது என் கை இல்ல” என்றார். குரல் மாறியிருந்தது.

அந்த இடத்திலேயே நம்பினேன் என்று எழுதத்தான் ஆசை. நம்பவில்லை. ஒரு நிமிஷம், முழுசாக ஒரு நிமிஷம் நம்பவில்லை. பதினான்கு வருடம் என் முகத்தைப் பார்த்துப் பழகியவருக்கு அது தெரியாமல் போகுமா?

அவர் உதிர்ந்த துண்டை எடுத்தார். விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்தார். முகர்ந்தார். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

“எழுதிக்கங்க, இஞ்சினியர். நான்தான் அடைச்சேன்.”

இஞ்சினியர்! பதினான்கு வருடத்தில் அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. என் கல்யாணத்தில் குடித்துவிட்டு உளறியபோதுகூடக் கொமாத்ரேதான்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். எல்லாம் ஒத்துப்போயிருந்தது, எண், திருகல், சுவருக்குள் இருந்த கலவை, ஒப்புக்கொண்ட ஆள். அறிக்கை எழுத வேண்டியதுதான் பாக்கி. ஆனால் ஹசிந்தோ ஒத்துப்போகவில்லை. ஒப்புக்கொள்வதற்கு இரண்டு நிமிஷம் முன்னால் சுத்தியலோடு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனவர், அடைத்தவராக இருந்தால் அப்படிப் போவாரா? கட்டடம் ஆறு பிசகினாலே தூங்காதவள் நான். ஒரு மனிதர் இவ்வளவு பிசகுகிறாரே, அதை எப்படி விடுவது? கைப்பையில் அந்தக் கலவைத் துண்டு ஒன்று இருந்தது. எடுத்துப் பார்த்தேன். சிமெண்ட் இல்லை, சுண்ணாம்பு. கல் மாதிரி வழவழவென்று இருந்தது. சுண்ணாம்பில் சப்பாத்திக் கள்ளியின் கூழைக் கலந்தால் அப்படி வரும். அது எங்கள் வேலைத்தளத்துப் பழக்கம் இல்லை, வீட்டுப் பெண்களின் பழக்கம். எனக்குத் தெரிந்து அதை இவ்வளவு நேர்த்தியாகப் பூசுகிற கை ஒன்றுதான். அந்தக் கைதான் என் குளியலறையில் ஒழுகிய மூலையை அடைத்துக் கொடுத்தது.

செவ்வாய் காலை சந்தை முனைக்குப் போனேன். லாலா ஆவி பறக்கும் பானைக்குப் பின்னால் இருந்தாள்.

“என்ன கொமாத்ரே, முகம் இப்படிக் கெடக்கு? பச்ச மொளகாயா, இனிப்பா?”

“லாலா, பள்ளிக்கூடத்துல சுண்ணாம்பு பூசினியா?”

கரண்டி நின்றது. பிறகு அவள் முகம் மலர்ந்ததே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

“கண்டுபிடிச்சிட்டியா? தெரியாத மாதிரிப் பூசினேன்னு நெனச்சேனே! நல்லா இருக்கில்ல?”

“ஏன் பூசின?”

“அம்மாங்க எல்லாம் சேந்து போன மாசம் ஒரு சனிக்கிழமை பெயிண்ட் அடிக்கப் போனோம்ல? ஒவ்வொரு தூணுக்குப் பக்கத்துலயும் கறுப்பா ஒரு கோடு, மேல இருந்து கீழ வரைக்கும். அந்த ரொக்கேலியா இருக்காளே, அவ ஊருக்கே கேக்குற மாதிரி சொல்றா, ‘உன் புருசன் கட்டினது தெறக்குறதுக்கு முன்னாடியே வெடிச்சிருச்சு’ன்னு. எனக்கு எப்படி இருக்கும் சொல்லு? எவனோ அதுக்குள்ள பஞ்சை வேற திணிச்சு வச்சிருந்தான். எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டேன். அவரு மேல தண்ணித் தொட்டி வேலையில இருந்தாரு. அவரு பையில இருந்தே கரண்டிய எடுத்து, சாயங்காலத்துக்குள்ள அந்தப் பக்கம் பூரா அடைச்சிட்டேன். இட்செல் கிளாஸ் அந்தப் பக்கம்தானே. தெருப் பக்கத்துக்கு நேரம் இல்ல, கோட்டு மேல பெயிண்ட் மட்டும் அடிச்சு மறைச்சேன்.”

“அது வெடிப்பு இல்ல லாலா. வேணும்னே விட்டது. அவரு உங்கிட்டச் சொன்னதே இல்லையா?”

“வீட்டுக்குள்ள வந்து சிமெண்ட்டப் பத்திப் பேசினா சாப்பாடு கெடையாதுன்னு கல்யாணமான வருசமே சொல்லிட்டேனே.”

பானையைச் சுற்றிப் போய் அவள் இடுப்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன். “இப்ப யாராவது உன் தோளைப் பிடிச்சுத் தள்ளினா எங்க ஒடியும்?” என்றேன். வரிசையில் நின்றவர்கள் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்கள். அவள் யோசித்தாள். கட்டி முடித்த பள்ளிக்கூடத்தை, விழுந்த பள்ளிக்கூடத்தை, இட்செலின் வகுப்பறையை எல்லாம் நினைத்திருக்க வேண்டும். முகத்தில் ரத்தம் இல்லை. ஒரு ரொட்டியைப் பிய்த்து அவள் வாயில் திணித்தேன். பயந்தவருக்கு ரொட்டி கொடுப்பது எங்கள் ஊர் வைத்தியம். இத்தனை வருடமாக எனக்கு அவள்தான் கொடுத்திருக்கிறாள்.

“அவருக்குத் தெரியுமா?” என்றாள் மென்றுகொண்டே.

“கலவையைத் தேய்ச்சுப் பாத்துட்டு, நான்தான் அடைச்சேன்னு சொல்லிட்டாரு.”

லாலா அடுப்பை அணைத்தாள். வரிசையில் நின்றவர்களிடம் “தமாலே இல்ல, போங்க” என்றாள். பானை நிறைய இருந்தது.

வேலைத்தளத்தில் அவள் பேசியதை முழுதும் எழுத முடியாது, சிறுவர்களும் படிக்கலாம். சுருக்கம் இதுதான்.

“யோவ், உன்னை நான் கேட்டேனா? எனக்காகப் பொய் சொல்லுன்னு கேட்டேனா?”

“நீ மட்டும் என்னைக் கேட்டியா? என் கரண்டிய எடுத்து என் வேலையவே கெடுத்து வச்சிருக்க!”

“உன் பேரு கெட்டுப்போகக் கூடாதுன்னு செஞ்சேன்!”

“நானும் அதுக்குத்தாண்டி சொன்னேன்! உன் பேரு கெடக் கூடாதுன்னு!”

சாரத்தின் மேல் நின்ற கொத்தனார்கள் விசிலடித்தார்கள். ஹசிந்தோ சுவரில் இருந்த பூச்சைக் கட்டை விரலால் தடவினார். “நம்ம பசங்க எவனும் இவ்வளவு நேராப் பூச மாட்டான்” என்றார் தரையைப் பார்த்தபடி. லாலா அழ ஆரம்பித்தாள். நான் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றேன். அவர் என் பக்கம் வந்து, “பசை பூசினாங்களான்னு நான் எறங்கி வந்து பாத்திருக்கணும், இஞ்சினியர். அது என் தப்பு. அத எழுதுங்க” என்றார்.

அப்போதும் இஞ்சினியர்தான்.

மொந்தான்யோவுக்கு உள்ளதை உள்ளபடி எழுதினேன். இடைவெளி விடப்பட்டிருந்தது, பெற்றோர் வெடிப்பு என்று நினைத்து அடைத்துவிட்டார்கள், பசை பூசியதை யாரும் சரிபார்க்கவில்லை, மேஸ்திரியும் இல்லை, நானும் இல்லை. இடைவெளியைத் திறந்துவிட்டு மறுபடி அளந்த பிறகுதான் கையெழுத்து. அவர் போனில் கூச்சல் போட்டார். திங்கட்கிழமை திறப்பு, பந்தல் சொல்லியாச்சு, பேண்டு வாத்தியம் சொல்லியாச்சு. ஞாயிற்றுக்கிழமை அளக்கிறேன், எண் வந்தால் பேண்டு வாசிக்கட்டும், வராவிட்டால் பேண்டுக்காரர்களை நானே திருப்பி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை, பெயிண்ட் அடித்த அதே அம்மாக்கள் உளியும் சுத்தியுமாக வந்தார்கள். ஊருக்கே கேட்கும்படி பேசிய ரொக்கேலியாவும் வந்தாள். லாலா அவள் கையில் பெரிய சுத்தியலாகப் பார்த்துக் கொடுத்தாள். தூணில் அடி படாமல் எப்படி எடுப்பது என்று ஹசிந்தோ காட்டினார். கலவை லேசில் வரவில்லை. கள்ளிக் கூழ் போட்டது அப்படித்தான் இருக்கும். “இவ்வளவு நல்லாவாடி பூசுவ?” என்று ரொக்கேலியா மூச்சு வாங்கினாள். மதியத்துக்குள் ஒவ்வொரு இடைவெளியிலும் ஹசிந்தோவின் இரண்டு விரல் போய் வந்தது. நுரை வைத்தார், இந்த முறை பசையையும் அவரே பூசினார். லாலா ஒரு சின்னத் தூரிகையை எடுத்து, ஒவ்வொரு தூணுக்குப் பக்கத்திலும் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டே போனாள்: ‘இது வெடிப்பு இல்லை. அடைக்காதே.’ கடைசித் தூணில் மட்டும் ‘அடைக்காதே, ரொக்கேலியா’ என்று இருந்தது.

ஞாயிறு காலை கருவிகளைக் கூரையில் வைத்தேன். யாரையும் பார்த்துக் கத்த வேண்டியிருக்கவில்லை. முற்றத்தில் முப்பது பேர் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஹசிந்தோ சிமெண்ட் மூட்டை மேல், என் நோட்டுக்குப் பக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆறு நாளாக அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட வேண்டும் என்று நினைத்தேன், முடியவில்லை. கணக்கு நோட்டில் பக்கம் கிழிப்பவளை நானே நம்ப மாட்டேன்.

குறுக்குவாட்டில் பதின்மூன்று. இரண்டு ஓரமும் ஒரே அளவு ஆடின, திருகல் இல்லை. நீளவாட்டில் முப்பத்திரண்டு.

சுவரில் என் பென்சில் எழுத்து முப்பத்தொன்று என்று இருந்தது. அவருடையது முப்பத்திரண்டு. அம்மாக்கள் ஓவென்று கத்தினார்கள். லாலா யாரையோ கட்டிப்பிடித்தாள், அது ரொக்கேலியா என்று தெரிந்ததும் விட்டுவிட்டாள். நான் கையெழுத்துப் போட்டேன். அப்புறம் சிமெண்ட் மூட்டைப் பக்கம் போனேன். மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று இருந்தது.

“ஒரு நிமிஷம் உங்களை நம்பாம இருந்துட்டேன்” என்றேன். “மன்னிச்சிருங்க.”

அவர் நோட்டை மடியில் வைத்துப் பக்கத்தைத் தேடினார். நாலு வரியும் இருந்தன, மூன்று அடித்தவை, ஒன்று அடிக்காதது. காதில் செருகியிருந்த தச்சர் பென்சிலை எடுத்து எச்சில் தொட்டார். தன் பெயரை அடிப்பார் என்று நினைத்தேன். பென்சில் மேலே போய், முதல் வரியில் நான் அடித்திருந்த என் பெயருக்குக் கீழே நின்றது.

“அன்னைக்கு என் பேரு மட்டுந்தான் கண்ணுல பட்டுச்சு” என்றார். “எனக்கு முன்னாடி உங்களையே எழுதி வச்சிருக்கீங்களே, கொமாத்ரே.”

சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தேன். அவர் தன் பெயரையும் அடித்துவிட்டு, நோட்டை மூடி என் கையில் கொடுத்தார்.

“அழாதீங்க. பந்தயத்துல தோத்திருக்கீங்க. முப்பது பேருக்குத் தமாலே சொல்லுங்க, போங்க.”